சூசை நிற்குது, மாதா ஓடுது

புல்லாங்குழல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. அதே வளைவு, அதே இடத்தில் அதே கரகரப்பு, அது முடிகிற இடத்தில் தேன் தடவிய ஒரு பெண்குரல்: உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. முக்கியமென்றால் எடுக்க வேண்டியதுதானே, எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று பெனிட்டா பல்லைக் கடித்தாள். சார்ஜர் வயர் குட்டை. பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கை விட்டால் அந்த வீட்டில் வேறெங்கும் ஃபோன் ஒழுங்காகச் சார்ஜ் ஏறாது. கட்டிப்போட்ட ஆடு மாதிரி அந்த வயர் போகிற தூரத்துக்குள்ளேயே நின்றாள், சன்னல் பக்கம் ஒரு எட்டு, இந்தப் பக்கம் ஒரு எட்டு. சன்னலில் கடல் தெரியாது. எதிர்வீட்டு மாடியும் அங்கே காயப்போட்டிருந்த ஒரு நைட்டியும்தான் தெரியும். நைட்டி காற்றில் வயிறு ஊதி ஊதி அடங்கிற்று. அதைப் பார்க்கக்கூடாது என்று எத்தனை தடவை முடிவு செய்தாயிற்று, கண் கேட்கிறதா. கொடியில் கிடக்கிற துணிக்கே இந்தக் காற்று என்றால் கரையே தெரியாத அங்கே, வேண்டாம், அங்கே போகாதே, பிரிட்ஜைப் பார், பிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிற தடுப்பூசி அட்டையைப் பார். "என்னட்டி, எடுத்தானா?" என்று தரையிலிருந்து குளோரியக்கா கேட்டாள். குளோரி அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் வில்பிரட்டின் மனைவி. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வீடு. காலையில் விஷயம் தெரிந்ததும் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தவள், இன்னும் போகவில்லை. பெனிட்டாவின் பிள்ளை குளோரியின் மடியில் கிடந்து, அவள் தாலிச் சங்கிலியின் சிலுவையைச் சப்பிக்கொண்டிருந்தது. "இல்லக்கா. பாட்டு போடுகான்." "பாட்டா? நல்ல நேரம் பாத்தான் பாட்டுக்கு. கூத்துக்கா கூப்பிட்டோம்?" சிரிப்பு வரவில்லை. குளோரியக்காவுக்கும் வரவில்லை, ஆனாலும் அவள் அப்படித்தான், எதையாவது சொல்லாமல் இருக்க மாட்டாள். பெனிட்டா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, திரையை விரலால் தேய்த்து வரைபடத்தைத் திறந்தாள். நீலம். நீலத்தில் இரண்டு புள்ளிகள். ஒன்றின் தலைமேல் மாதா என்று எழுதியிருந்தது. அது பச்சையாய், எறும்பு மாதிரி, கரையைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. மற்றதன் தலைமேல் சூசை. அது விடிந்ததிலிருந்து சாம்பல் நிறமாகி நின்ற இடத்திலேயே நின்றது. பனிமய மாதா அவள் கணவன் ஆன்றோ மீன்பிடிக்கப் போகிற போட்டு, விசைப்படகு. சூசையப்பர் வில்பிரட் அண்ணனின் போட்டு. தெரியாதவர்கள் பார்த்தால் வில்பிரட் அண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெயர் இரண்டும் தலைகீழ். சூசை என்று எழுதியிருப்பதுதான் மாதா. நிற்கிறது ஆன்றோ.

தலைகீழாக்கியது அவளேதான், அவளும் சாமியாரும் தீர்த்தச் செம்பும். அந்தக் கருவி இரண்டும் வந்தபோது வீடே திருவிழாவாக இருந்தது. சோப்புப் பெட்டி அளவு, வெள்ளை நிறம், கொம்பு மாதிரி ஒரு ஏரியல். மேலே எங்கேயோ சுற்றுகிற செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிடுமாம், போட்டு எங்கே கிடக்கிறதென்று. வயர்லெஸ் எட்டாத தூரத்திலும் எட்டும். ஆன்றோ அட்டைப்பெட்டியைத் திறந்து, "உனக்கு இனி நாலு வேளை ஜெபம் தேவையில்ல கண்டியா, ஃபோனத் தொறந்தா மாப்பிள எங்க நிக்கான்னு தெரியும், எந்தக் கடையில சாயா குடிக்கேன்னுகூடத் தெரியும்" என்றான். கம்பெனிக்காரனின் தளத்தில் போய்ப் பதிய வேண்டும், எல்லாம் இங்கிலீஷ். கான்வென்ட்டில் படித்த மருமகள் எதற்கு இருக்கிறாள்? அவள்தான் உட்கார்ந்து அட்டைப்பெட்டியின் மேலிருந்த எண்களைப் பார்த்துப் பார்த்துப் பதிந்தாள், இந்தப் பெட்டி மாதா, அந்தப் பெட்டி சூசை. அதில் ஒரு பிழையும் இல்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வாள். ஆனால் புதிதாக எது போட்டில் ஏறினாலும், வலையானாலும் நங்கூரமானாலும் கஞ்சிப் பானையேயானாலும், பீடத்துக்கு முன்னால் வைத்து மந்திரித்த பிறகுதான் ஏறும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பெட்டியையும் கொண்டுபோய் வைத்தார்கள். சாமியார் தீர்த்தத்தைக் கையில் எடுத்தபோது வில்பிரட் அண்ணன்தான் தடுத்தார்: "ஃபாதர், நில்லுங்க. அட்டையில தெளிச்சா அட்டைக்கில்லா ஆசீர்வாதம்? மெஷினுக்குப் படண்டாமா?" நியாயம்தான். சிரித்துக்கொண்டே வெளியே எடுத்தார்கள். பீடத்தின் துணிமேல் கொம்பும் கொம்புமாக இரண்டு வெள்ளைக் கருவி, இரட்டைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் மாதிரி. தீர்த்தம் பட்டது, துண்டால் துடைத்தார்கள், பெட்டிக்குள் திரும்ப வைத்தார்கள். எது எந்தப் பெட்டிக்குள் என்று ஒரு ஆத்மா பார்க்கவில்லை. அவளும்தான் பார்க்கவில்லை, பிள்ளை அழுதுகொண்டிருந்தது, வெளியே தூக்கிப் போயிருந்தாள். முதல் பயணத்திலேயே தெரிந்துபோயிற்று: துறைமுகத்துக்குள் ஐஸ் ஏற்றிக்கொண்டு நிற்கிற சூசையப்பரை ஃபோன் நடுக்கடலில் காட்டியது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. கருவியைக் கழற்றி மாற்றலாமே என்றாள். ஆணி அடித்து, பிசின் பூசி, மந்திரித்து மாட்டியாயிற்று, இனி கழற்றுகிறதா, கம்பெனிக்காரனிடம் சொல்லிப் பெயரை மாற்று என்றார்கள், அது உனக்கு ஒரு ஃபோன் அடிக்கிற வேலைதானே. ஒரு ஃபோன். அன்றைக்குத் தொடங்கியது இந்தப் புல்லாங்குழல். புகார் கொடுப்பாள், எண் ஒன்று தருவார்கள், தங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று மெசேஜ் வரும், பெருமூச்சோடு திறந்து பார்த்தால் மாதா சூசையாகவே இருக்கும், சூசை மாதாவாகவே இருக்கும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? மறுபடி புகார், மறுபடி தீர்க்கப்பட்டுவிட்டது, மறுபடி நட்சத்திரம். கடைசியில் வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்துத் தலை சீவுகிற மாதிரி, கை தானாக எதிர்ப்பக்கம் போகும். மாதா என்றால் அண்ணன். சூசை என்றால் தம்பி.

"வணக்கம், நான் ரோஹன் பேசுகிறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?" புல்லாங்குழல் பாதியில் அறுந்து இங்கிலீஷில் ஒரு ஆள் குரல் வந்ததில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு நேரம் வாய்க்குள் உருட்டி உருட்டி வைத்திருந்த இங்கிலீஷ் ஒரு நொடி காணாமல் போய், பிறகு, கான்வென்ட் சிஸ்டர் பிரம்பால் மேசையைத் தட்டியதுபோல, முழு வாக்கியமாய் வந்து நின்றது. ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து எனக்கு ஒரு உதவி செய்ய இயலுமா? எங்கள் படகிலிருந்து விடிந்ததிலிருந்து சிக்னல் இல்லை. கடைசியாகச் சிக்னல் வந்த இடத்தின் எண் வேண்டும். உங்கள் வரைபடம் புள்ளியைக் காட்டுகிறது, எண்ணைக் காட்டவில்லை. என் விரல் நுனியை வைத்தால் அந்தப் புள்ளியோடு ஒரு மாவட்டமே மறைகிறது, ஐயா. எண் கிடைத்தால் கோயில் வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுவோம், அருகில் இருக்கிற படகுகள் போய்ப் பார்க்கும். "புரிகிறது மேடம். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன். கருவி இப்போது உங்கள் முன்னால் இருக்கிறதா?" இல்லை. அது படகில் இருக்கிறது. "கருவியின் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" ஐயா, கருவி படகில் இருக்கிறது, படகு கடலில் இருக்கிறது. "சரி மேடம். அப்படியானால் ஒரு முறை அணைத்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள்." அவள் கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அந்த வெள்ளைக் கருவி போட்டின் முன்தலையில், அணியத்துக் கம்பத்தில் இருந்தது, அதன்மேல் தண்ணீர் ஓடியது, அவள் கையை நீட்டி அதை அணைக்கப் போனாள், கை எட்டவில்லை, வயர் குட்டை. "என்னட்டி கேக்குகான்?" "மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணணுமாம்." "அவனுக்க தலைய ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு." ஐயா, இடத்தின் எண்ணை மட்டும் சொல்லுங்கள். "மேடம், இருப்பிடத் தகவல் தனியுரிமை சம்பந்தப்பட்டது. பதிவு செய்த உரிமையாளருக்குத்தான் தர முடியும். நீங்கள்தான் உரிமையாளரா?" என் கணவர். "அவரிடம் ஃபோனைக் கொடுங்கள் மேடம், அவர் வாயால் ஒரு சம்மதம் சொன்னால் போதும்." அவர்தான் ஐயா படகில் இருக்கிறார். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "எப்போது திரும்புவார் மேடம்?"

எப்போது திரும்புவார். அந்தக் கேள்வி காதுக்குள் விழுந்து அங்கேயே நின்றது, நின்ற புள்ளி மாதிரி. அதைக் கேட்கத்தானே நான் உன்னைக் கூப்பிட்டேன், பாவி. ஆனால் அவள் சொன்னது, தயவுசெய்து உங்கள் மேலதிகாரியிடம் பேச அனுமதிப்பீர்களா என்றுதான். இதோ கேட்கிறேன் மேடம் என்று அவன் போனான், புல்லாங்குழல் வந்தது. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லித் தந்தார்கள். கதவைத் திறக்க அனுமதி கேட்கவும், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கவும், மன்னிப்புக் கேட்கவும், நன்றி சொல்லவும் தந்தார்கள். தமிழ் பேசினால் கழுத்தில் அட்டை தொங்கவிட்டார்கள். கோபப்படச் சொல்லித் தரவில்லை. அந்த மொழியில் அவளுக்குக் கோபமே கிடையாது, தயவுசெய்துதான் இருக்கிறது. தமிழ் என்றால் இவனை, ஊர்க் குழாயடியில் நிற்கிறவர்கள் காது பொத்துகிற அளவுக்கு, ஏழு தலைமுறைக்கும் சேர்த்துக் கேட்டிருப்பாள். ஜாக்குலினின் நினைவு வந்தது. வரக்கூடாதென்று வாசலில் நிறுத்தி வைத்திருந்த நினைவு, புல்லாங்குழல் சந்தில் நுழைந்துவிட்டது. அந்தப் புயல் வருஷம். பாதிப் பிள்ளைகளின் அப்பாமார் கடலில். ஆனாலும் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று கணக்கு எடுத்தார்கள். அலுவலகத்திலிருந்து ஒரு அக்கா துண்டுத்தாளோடு வந்து கதவருகில் நிற்பாள், சிஸ்டர் தாளை வாங்கி ஒரு பெயரைச் சொல்வார், அந்தப் பிள்ளை பையை எடுத்துக்கொண்டு போகும், வாசலில் சொந்தக்காரர் யாராவது நிற்பார்கள். தாள் வரும்போதெல்லாம் வகுப்பே மூச்சை அடக்கும். பெனிட்டாவின் அப்பாவும் கடலில். அவள் பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கம் ஜாக்குலின், ஒரே பென்சில் டப்பா இரண்டு பேருக்கும். சிஸ்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், அவர்கள் பெஞ்சைப் பார்த்தார். ஜாக்குலின், என்றார். அப்போது பெனிட்டாவின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. சத்தமாக வந்தது. ஜாக்குலின் பையை மாட்டிக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, சும்மா, யார் மூச்சு இது என்பதுபோல. அவ்வளவுதான். அப்பா மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ஜாக்குலின் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை, பென்சில் டப்பா பெனிட்டாவிடமே தங்கிவிட்டது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது.

"வல்லதும் தின்னியா நீ? இன்னா, கஞ்சியாவது ஒரு மடக்கு குடி" என்றாள் குளோரியக்கா, பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்து, கிண்ணத்தை எடுத்து வயர் எட்டுகிற இடம்வரை கொண்டுவந்து நீட்டினாள். தொட்டுக்கொள்ளப் பயற்றந்துவையல் வேறு, விளிம்பில் வைத்திருந்தாள். பெனிட்டாவுக்கு எரிச்சல் வந்தது. இந்தக் கஞ்சியின்மேல், இந்தத் துவையலின்மேல், தன் புருஷன் பச்சையாய் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறான் என்கிற தைரியத்தில் ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருப்பதன்மேல். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல். இவள் காலையிலிருந்து பிள்ளையை இறக்கவில்லை, பீத்துணிகூட இவள்தான் அலசினாள். "அவன் எங்கயும் போவ மாட்டாண்டி. இஞ்சின் நின்னிருக்கும், இல்லண்ணா அந்தப் பெட்டிக்கு வெள்ளம் கேறியிருக்கும். எனக்க மாப்பிள வந்துக்கிட்டுதானே இருக்கு? தம்பிய விட்டுட்டு அது வருமா? ஏதோ கண்டுட்டுதான் வருது. வந்து சொல்லும் பாரு, ஒனக்க மாப்பிள அங்க கெடந்து ஒறங்குகான், வலிச்சுட்டு வரணும், டீசல் ஊத்துங்கன்னு." அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் தம்பியை விட்டுவிட்டு வராதவர் எதற்காகத் தனியாக வருகிறார்? செவ்வாய்க்கிழமை இரண்டு புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, ஐஸோ தண்ணீரோ மாற்றிக்கொள்ள இரண்டு போட்டையும் அணைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தோணியார் நவநாளுக்குக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோது ஃபோனைக் காட்டினாள், "கட்டிப் பிடிச்சிட்டுக் கெடக்கானுவ பாரு, நம்மளக்கூட இப்படிப் பிடிக்க மாட்டானுவ" என்று குளோரியக்கா முக்காட்டுக்குள் சிரித்தாள், முன்வரிசைக் கிழவி திரும்பி முறைத்தாள். அதன்பிறகு பிரிந்தன. ஒன்று தெற்கே போயிற்று, ஒன்று அங்கேயே மேய்ந்தது. நேற்று மாதாப் புள்ளி ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிற்று. அதைப் பார்த்தும் குளோரியக்கா சிரித்தாள்: "இதென்ன கிறுக்கு? சுத்துகது ஒனக்க மாப்பிளைக்க வேலையில்லா? தம்பிக்க பைத்தியம் அண்ணனுக்கும் பிடிச்சிற்று." கரைக்குத் திரும்புமுன் போட்டை ஒரு வட்டம் சுற்றித் திருப்புவது ஆன்றோவின் பழக்கம். கோயிலைச் சுற்றித் தேர் நிலைக்கு வருகிற மாதிரி, மாதாவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு விடுவானாம். டீசல் என்ன தண்ணியாலே என்று வில்பிரட் அண்ணன் திட்டாத பயணம் இல்லை. இந்தத் தடவை அவன் சுற்றவில்லை. சுற்றித் திருப்ப அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிரிட்ஜின் மேல் வைத்தாள். தெருவிலிருந்து ஜோர்ஜியார் குரல் கேட்டது, கோயில் வயர்லெஸ்ஸில் உட்காருகிறவர், வேலிக்கு வெளியே நின்றுகொண்டே, "மக்களே, நம்பரு கெடச்சா? ரெண்டு போட்டு அந்தப் பக்கமாத்தான் கெடக்கானுவளாம். எடம் தெரிஞ்சா இருட்டுகதுக்குள்ள போய்ப் பாத்திருவானுவ. இருட்டிற்றா ஒண்ணும் நடக்காது." "கேட்டுட்டு இருக்கேன் மாமா." "கொஞ்சம் வெரசா." வெரசா. வெரசாவுக்கு இங்கிலீஷில் தயவுகூர்ந்து விரைவாக என்று இரண்டு சொல் வேண்டியிருக்கிறது.

"காத்திருந்ததற்கு நன்றி மேடம்." அதே ரோஹன். "மேலதிகாரியிடம் பேசினேன். அவசரம் என்பதால் இந்த ஒரு தடவை சம்மதித்திருக்கிறார். எழுதிக்கொள்கிறீர்களா?" எழுத என்ன இருக்கிறது, பேனா இல்லை, பிரிட்ஜின் மேலே பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மைப்பென்சில் இருந்தது, அதை எடுத்தாள், பங்குக் காலண்டரை ஆணியிலிருந்து பிடுங்கிப் பிரிட்ஜின் கதவில் அழுத்திப் பிடித்தாள். சொல்லுங்கள். "கலத்தின் பெயர் சூசை. கடைசிச் சிக்னல்..." ஐயா, ஒன்று. சூசை என்று இருப்பது மாதா. பெயர் மாறியிருக்கிறது. நான் பல தடவை புகார் கொடுத்திருக்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வேறு யாருக்காவது வேறு படகின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். "ஒரு நிமிடம் மேடம்." தட்டச்சு. "ஆமாம், பார்க்கிறேன். அந்தப் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது." நீங்கள் எப்போதும் அப்படித்தான் சொல்கிறீர்கள். "இல்லை மேடம், முன்பு வந்ததெல்லாம் தானாக மூடப்பட்டவை, அதற்கு வருந்துகிறேன். இது எங்கள் பொறியாளர் கையால் செய்தது, குறிப்பு எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு பெயரையும் மாற்றிச் சரிபார்த்துவிட்டார். இப்போது மாதாதான் மாதா, சூசைதான் சூசை. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே." வந்தது. நவநாளில், பிரசங்கத்துக்கு நடுவில், பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. தீர்க்கப்பட்டுவிட்டது என்ற சொல்லைப் பார்த்ததுமே அழித்துவிட்டாள். அழித்துவிட்டு வரைபடத்தைத் திறந்தபோது இரண்டு புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, பெயரின்மேல் பெயர், எழுத்தின்மேல் எழுத்து, எது எங்கே மாறினால் யாருக்குத் தெரியும். பிரிந்தபோது மாதா மாதாவாகவே பிரிந்திருக்கிறது. நேற்று வட்டம் அடித்தது மாதா. மாதாதான் வட்டம் அடிக்கும். வேறு யார் அடிப்பார்கள், இந்தக் கடலில் வேறு எந்தப் பைத்தியம் டீசலை ஊற்றித் தேர் சுற்றும்! அவன் சுற்றினான். சுற்றித் திருப்ப அவனுக்கு நேரம் இருந்தது. பச்சையாய், எறும்பாய், ஊர்ந்து வந்துகொண்டே இருக்கிறான், காலையிலிருந்து அவள் நைட்டியைப் பார்க்காமல் கண்ணை மூடிய நேரமெல்லாம் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறான், உயிரோடு, தாடியோடு, கால் நாற்றத்தோடு. பிரிட்ஜில் சாய்ந்தாள், பிரிட்ஜின் உடம்பு கிர்ரென்று அவள் முதுகில் அதிர்ந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. சத்தமாக வந்தது. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். நிற்கிறது வில்பிரட் அண்ணன்.

ஃபோனில் ரோஹன் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான், டிகிரி, நிமிடம், புள்ளி, வடக்கு, டிகிரி, கிழக்கு. மைப்பென்சில் காலண்டரின்மேல் ஒரே இடத்தில் குத்தி நின்றது. அவள் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அவ்வளவுதான் மேடம். வேறு ஏதாவது உதவி தேவையா? இந்த அழைப்பின் முடிவில் உங்கள் மதிப்பீட்டை..." "எளா!" என்றாள் குளோரியக்கா தரையிலிருந்து. "எளா, சிரிக்கிறியே! ஆளக் கெடச்சிற்றா? வாறானா? சொன்னேன்லா நான், சொன்னேன்லா? மாதாவே!" அவள் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள், அது காலை உதைத்துக் கெக்கெக்கென்று சிரித்தது. "ஒனக்க அப்பன் வாறாண்டி! வாறாண்டி அப்பன்! பூசை சொல்லணும் பெனிட்டா, எனக்க மாப்பிள வந்ததும் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் ஒரு பூசை சொல்லணும்." பெனிட்டா சிரித்துக்கொண்டிருந்தாளாம். முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், இருந்தது, கன்னத்தில் அது இன்னும் போகாமல் இருந்தது, கையால் துடைத்தால்தான் போகும்போல் இருந்தது. "மேடம்? இணைப்பைத் துண்டிக்கட்டுமா?" அவன் துண்டிப்பான். எழுதாத எண்ணோடு துண்டிப்பான், பிறகு புல்லாங்குழல், பிறகு உரிமையாளர் வாயால் சம்மதம், அந்த உரிமையாளரும் கடலில், ஜோர்ஜியார் வேலிக்கு வெளியே, வெயில் எதிர்வீட்டு மாடிச் சுவரில் ஏற்கெனவே பாதி ஏறிவிட்டது. "வைக்காதே" என்றாள். தமிழில்தான் சொன்னாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள், தயவு இல்லாமல், கூர்ந்து இல்லாமல், ஐயா இல்லாமல், சிஸ்டர் கேட்டிருந்தால் அட்டையை மாட்டியிருப்பார்: அந்த எண்ணை மறுபடி சொல்லு. மெதுவாகச் சொல்லு. ஒவ்வொன்றாகச் சொல்லு. அவன் குரல் மாறிற்று, சொன்னான். அவள் எழுதினாள். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். மை உள்ளங்கையில் அப்பிற்று.

"மாமா!" என்று சன்னலைப் பார்த்துக் கத்தினாள். வந்த குரல் தன்னுடையதுதானா என்று தெரியவில்லை. ஜோர்ஜியார் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார், சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினார், காலண்டரைத் தந்தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "மாதாவுக்க எடந்தானே இது? ஆன்றோன்னுதானே சொல்லணும்?" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், முதுகுக்குப் பின்னால் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது, அதைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சுகிற குரல் கேட்டது. "நீங்க போங்க, சீக்கிரம் போங்க, இடத்தச் சொல்லுங்க, பேரு நான் வந்து சொல்லுகேன்" என்றாள். அவர் ஒரு நொடி நின்று, அவள் முகத்தையும் அவள் தோளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளேயும் பார்த்துவிட்டு ஓடினார். அவள் திரும்பினாள். குளோரியக்கா பிள்ளையை இன்னும் தலைக்கு மேலேதான் பிடித்திருந்தாள், இரண்டு கையும் மேலே, முந்தானை நழுவி, முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்பும். பெனிட்டா அவளைப் பார்த்து நடந்தாள். வயர் இழுத்தது, இழுத்துப் பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தரையில் அவள் பின்னாலேயே வந்தது.

"அக்கா," என்றாள், இரண்டு கையையும் நீட்டி. "முதல்ல பிள்ளைய எங்கிட்ட தாங்க."